நீளத் தூண்டில் தடிகளுக்கான குழாய்த் தாங்கி

புறக்கோட்டைக் கடையொன்றில் சொல்லிச் செய்வித்த பி.வி.சி. குழாய்த் தாங்கியை, முகத்துவாரத்தில் நிற்கும் எங்கள் பைபர் படகின் உட்பக்கச் சுவரில் படுக்கையாகப் பொருத்தியிருக்கிறோம். நீளமான தடிகளை நிமிர்த்தி வைத்தால், களனி ஆறு கடலில் கலக்கும் இடத்தில் படகு குதிக்கும்போது அவை ஒன்றோடொன்று மோதும்; கார்பன் தடியில் படும் சிறு அடிகூட கண்ணுக்குத் தெரியாத வெடிப்பாக உள்ளே தங்கி, பெரிய மீன் இழுக்கும் வேளையில் தடியை முறித்துவிடக்கூடும். கார்பன் மின்சாரத்தையும் கடத்தும் என்பதால், இடிமின்னல் மிகுந்த ஏப்ரல், ஒக்டோபர் மாலைகளில் தடிகளைக் கிடத்தி வைப்பதே நல்லது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது குழாயின் வாய்ப்பகுதிதான். விளிம்பை நன்றாக மழுக்கி, உள்ளே மெல்லிய ரப்பர் பட்டை ஒட்டியிருப்பதால், தங்கூசி (தூண்டில் நைலோன் இழை) ஓடும் வளையங்களின் பீங்கான் உள்விளிம்பு தட்டுப்பட்டு உடைவதில்லை. ஆனால் அடிமூடியில் நீர் வடியத் துளை விடாதது பெருங்குறை. உப்புநீர் தேங்கி நுனி வளையங்களில் துரு ஏறியதால், துளையை நாங்களே இட்டோம். வான் வண்டியில் கொண்டுசெல்வதற்குக் குழாய்களைத் தனியே கழற்றிக்கொள்ள முடிகிறது. செய்விப்பவர்கள், உப்புநீரை நன்கு தாங்கும் 316 ரகத் துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளையே கேட்டு வாங்க வேண்டும்.