காரோடு ஆல்ப்ஸுக்கு: டோவரா, சுரங்கமா, ஹார்விச்சா?

பிரிட்டனில் இருந்து காரில் ஆல்ப்ஸுக்குப் பனிச்சறுக்கப் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் பலரும் முதலில் பார்ப்பது கப்பல் டிக்கெட் விலையைத்தான். இருப்பதில் மலிவானதைப் பதிவு செய்துவிட்டு, தங்கும் இடம், பாதை, புறப்படும் நேரம் எல்லாவற்றையும் அந்த டிக்கெட்டுக்கு ஏற்ப அமைத்துக்கொள்வார்கள். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. எந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிறோம், முதல் இரவு எங்கே படுக்கிறோம் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால் துறைமுகம் தானாக அமையும். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த 40 பவுண்டை டோல், டீசல், வழியில் தங்கும் ஓட்டல் மூன்றும் சேர்ந்து சத்தமில்லாமல் விழுங்கிவிடும்.

பலருக்கும் தெரிந்த போட்டியிலிருந்தே தொடங்கலாம்.

டோவர் ஃபெர்ரியும் சுரங்க ரயிலும்

இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்சின் கலேக்கு ஃபெர்ரியில் ஏறக்குறைய 90 நிமிடம். பி அண்ட் ஓ, டிஎஃப்டிஎஸ், ஐரிஷ் ஃபெரீஸ் என்று மூன்று கம்பெனிகள் ஓட்டுகின்றன. மூன்று பேர் போட்டி போடுவதால் ஜனவரி நடுவில், வாரநாள் ராத்திரிக் கப்பல்களில் விலை நன்றாக இறங்கும். போக்ஸ்டனிலிருந்து காரை ரயிலுக்குள் ஓட்டி ஏற்றிக் கடலடிச் சுரங்கம் வழியாகப் போகும் 'லெஷட்டில்' சேவை 1994இல் வந்தது. 35 நிமிடத்தில் கலேயின் ஓரத்தில் இறக்கிவிடும். காருக்கான சுரங்க ரயில் அது ஒன்றுதான் என்பதால் பெரும்பாலும் ஃபெர்ரியை விட விலை அதிகம். அங்கே ஐந்து நாள் வரைக்கான குறுகிய காலச் சலுகை டிக்கெட் ஒன்று உண்டு. அதைப் பார்த்துச் சபலப்பட வேண்டாம். பனிச்சறுக்கு வாரம் என்பது சனி முதல் சனி வரை ஏழு இரவு, அந்தச் சலுகைக்குள் அடங்காது.

சுரங்கத்துக்குச் சாதகமான பெரிய விஷயம் வானிலை. குளிர்காலத்தில் ஆங்கிலக் கால்வாயில் காற்று பலமாக அடித்தால் டோவர் கப்பல்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், சில நாள் துறைமுகத்தையே மூடுவார்கள். ரயிலுக்கு அந்தக் கவலை இல்லை. கடல் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருந்தால் அதற்காகவே காசு கொடுக்கலாம்.

நேர மிச்சத்தை மட்டும் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். மிச்சமாவது ஒரு மணி நேரம் போல. கலேயிலிருந்து பிரெஞ்சு ஆல்ப்ஸின் மூட்டியே வரை 900 கிலோமீட்டருக்கு மேல், ஒன்பது பத்து மணி நேர ஓட்டம். அதில் அந்த ஒரு மணி நேரம் பெரிய கணக்கே இல்லை. சுரங்க ரயிலில் காரோடு அந்த ரயில் பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஃபெர்ரியில் காரைக் கீழ்த்தளத்தில் விட்டுவிட்டு மேலே போய், சூடாக ஏதாவது சாப்பிட்டு, காலை நீட்டி உட்காரலாம். லண்டனில் அதிகாலை மூன்றரைக்கு எழுந்து ஓட்டி வந்தவருக்கு அந்த 90 நிமிடம் ஓய்வு. நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் ஓட்டுநருக்கு வேண்டியது அதுதான். ஒரே ஆள்தான் ஓட்டப் போகிறார் என்றால் நான் ஃபெர்ரிக்கே ஓட்டுப் போடுவேன்.

கூரையில் பெட்டி மாட்டுகிறவர்கள் பதிவு செய்யும் முன்னால் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போங்கள். பெட்டியோடு சேர்த்துத் தரையிலிருந்து உயரத்தை அளக்க வேண்டும். சுரங்க ரயிலில் 1.85 மீட்டருக்கு மேல் போனால் ஒற்றைத் தள வண்டியில்தான் ஏற்றுவார்கள், அதைப் பதிவிலேயே சொல்ல வேண்டும். ஃபெர்ரியிலும் உயரத்தைக் கேட்பார்கள். இந்த அளவு ஊருக்குப் போன பிறகும் விடாது. உயரத்தில் உள்ள பல பனிச்சறுக்கு ஊர்களில் கார் நிறுத்துமிடம் நிலத்தடியில் இருக்கிறது, அதன் வாசலில் உயர வரம்புப் பலகை தொங்கும். பனி கொட்டும் சாயங்காலத்தில் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று கூரைப் பெட்டியைக் கழற்றுவது யாருக்கும் வேண்டாம். எல்பிஜி காருக்குச் சுரங்கத்தில் அனுமதியே இல்லை.

டங்கர்க்

டோவரிலிருந்தே இன்னொரு கப்பல், டிஎஃப்டிஎஸ் ஓட்டுவது. இரண்டு மணி நேரம். இறங்கும் இடம் கலேக்குக் கிழக்கே அரை மணி நேரம் தள்ளி. அரை மணி நேரம் கூடுதல் என்று இதை ஒதுக்குகிறவர்கள் தெற்கே போகிறவர்கள். சுவிட்சர்லாந்துக்கோ ஆஸ்திரியாவுக்கோ போகிறவர்கள் எப்படியும் கிழக்கே பெல்ஜியத்துக்குள் நுழையத்தான் போகிறார்கள். அவர்கள் கடலில் கழிக்கும் அந்த அரை மணி நேரம் சாலையில் திரும்பக் கிடைத்துவிடும்.

இங்கேதான் டோல் கணக்கு வருகிறது. கலேயிலிருந்து ஏ26 வழியாக ரான்ஸ், துருவா, திஜோன் தாண்டி ஷாம்பேரி வரும் பாதை அருமையான சாலை. ஆங்கிலேயர் நெடுஞ்சாலை என்றே அதற்குப் பிரான்சில் செல்லப்பெயர் உண்டு. மூட்டியே வரை ஒரு வழிக்கு டோல் ஏறக்குறைய 80 யூரோ ஆகிவிடும். பெல்ஜியம், லக்சம்பர்க், ஜெர்மனி வழியில் காருக்குச் சாலை டோல் கிடையாது. ஆஸ்திரிய எல்லையில் அந்நாட்டு விக்னெட், அதாவது நெடுஞ்சாலைக் கட்டணச் சீட்டு, வாங்க வேண்டும். பத்து நாளைக்கான சீட்டும் கிடைக்கிறது, பயணத்துக்கு முன்பே இணையத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். சுவிஸ் விக்னெட் வருடம் முழுவதற்குமாக 40 ஃபிராங்க், ஒரு வாரத்துக்கென்று தனியாகக் கிடையாது.

பிரெஞ்சு டோல் வாசலைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் காரில் ஓட்டுநர் வலப்பக்கம், சீட்டு கக்கும் இயந்திரம் இடப்பக்கம். பக்கத்தில் இருப்பவர் சன்னலை இறக்கி, பாதி உடம்பை வெளியே நீட்டிச் சீட்டை எடுப்பார். சனிக்கிழமை வரிசையில் பின்னால் இருப்பவர் பொறுமையாக இருப்பார் என்று சொல்வதற்கில்லை. முன்கண்ணாடியில் ஒட்டும் டோல் பட்டை ஒன்றை முன்கூட்டியே தபாலில் வரவழைத்துக்கொண்டால் நிற்காமலே போய்விடலாம். நம் ஊர் ஃபாஸ்டாக் மாதிரிதான்.

ஹார்விச்: கப்பலே ஓட்டல்

ஆஸ்திரியா போகிறவர்களுக்கு என் முதல் தேர்வு டோவரே அல்ல, இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹார்விச். ஸ்டீனா லைன் ராத்திரிக் கப்பல் இரவு 11 மணி வாக்கில் கிளம்பி, காலை எட்டு மணி போல நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்தில் சேர்க்கும். ராத்திரிப் பயணத்துக்கு அறை எடுத்தே ஆக வேண்டும், அதனால் டிக்கெட் தொகை டோவரைப் போல இரண்டு மடங்கு கூடத் தெரியும். பார்த்ததும் பலர் பின்வாங்குவது இங்கேதான்.

ஆனால் அந்தத் தொகைக்குள் ஒரு இரவுத் தங்கல் இருக்கிறது. டோவர் வழியில் போகிறவர் ரான்ஸிலோ திஜோனிலோ நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலுக்குத் தனியாகக் கொடுக்கப் போகிறார், வெள்ளி ராத்திரி பதினொன்றரைக்கு அந்த ஓட்டல் கதவை எப்படித் திறப்பது என்று தடவவும் போகிறார். ஹார்விச்சில் எட்டு, ஒன்பது மணிக்குக் காரை ஏற்றிவிட்டுப் பிள்ளைகளைக் குளிக்க வைத்து அடுக்குப் படுக்கையில் தூங்க வைத்துவிடலாம். அறை சின்னதுதான். நான்கு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்க இடம் இருக்காது. காலையில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும். இறங்கியதும் ஓட்டுநர் முழுத் தூக்கத்தோடு, சனிக்கிழமை ஜெர்மன் நெடுஞ்சாலையில் இருப்பார். செயின்ட் ஆன்டன், மயர்ஹோஃபன் போன்ற ஊர்களுக்கு அங்கிருந்து பத்து மணி நேரத்துக்குள் இருக்கும் என்றுதான் வரைபடம் சொல்லும். நிறுத்தம், நெரிசல் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். டோல் இல்லை, ஓட்டல் இல்லை என்று கழித்துப் பார்த்தால் ஹார்விச் பெரிய செலவாகத் தெரியாது.

பிரெஞ்சு ஆல்ப்ஸுக்கு இதே கப்பல் வீண். வடகிழக்கே இறங்கி மறுபடி தெற்கே திரும்ப வேண்டும்.

லீட்ஸ், மான்செஸ்டர் பக்கம் இருப்பவர்களுக்கு இதே கணக்கு ஹல்–ராட்டர்டாம் கப்பலிலும், நியூகாசில்காரர்களுக்கு ஆம்ஸ்டர்டாம் கப்பலிலும் வரும். இரண்டும் ராத்திரிக் கப்பல், அறையோடு சேர்ந்த விலை. டோவர் வரைக்கும் இங்கிலாந்தின் நீளத்தை ஓட்டிக் கடப்பதே அரை நாள் வேலை.

நியூஹேவனிலிருந்து டியெப் நான்கு மணி நேரம். பிரைட்டன் பக்கம் வீடு இருந்தால் பார்க்கலாம், மற்றபடி ஆல்ப்ஸுக்கு அது சுற்று. போர்ட்ஸ்மத்திலிருந்து சான்டாண்டேர், பில்பாவ் போகும் பிரிட்டனி ஃபெரீஸ் கப்பல்கள் பிரெனீ மலைப் பக்கம் போகிறவர்களுக்கானவை. ஒரு நாளுக்கு மேல் கடல், அதுவும் குளிர்கால பிஸ்கே விரிகுடா. வயிறு உறுதியாக இருப்பவர்கள் போகட்டும்.

எத்தனை பேர் போகிறீர்கள்?

இருவர் மட்டும் என்றால் கார் வேண்டாம். ஜெனீவாவுக்கு விமானம் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து ஷாமோனி வேனில் ஒன்றேகால் மணி நேரம். ரயிலும் மோசமில்லை: யூரோஸ்டாரில் பாரிஸ் கார் து நோர், அங்கிருந்து ஆர்இஆர் டி என்ற பாரிஸ் நகர ரயிலில் இரண்டே நிறுத்தம் கார் து லியோன், பிறகு டிஜிவி அதிவேக ரயிலில் நேராக பூர் சென் மொரீஸ். நிலையத்துக்குப் பக்கத்திலேயே லேஸார்க்குக்கு ஏறும் ஃபனிகுலர் என்ற மலை ரயில் ஏழு நிமிடத்தில் 1600 மீட்டர் உயரத்தில் விடும். கார் இல்லை, டயருக்குப் பனிச் செயின் இல்லை, பார்க்கிங் கட்டணம் இல்லை.

நால்வர் என்றால் கணக்கு மாறிவிடும். பிப்ரவரி அரைப்பருவ விடுமுறையில் நான்கு விமான டிக்கெட், சறுக்குக் கட்டைகளுக்குத் தனிக் கட்டணம், வேன் என்று ஏறிக்கொண்டே போகும். கப்பலிலும் சுரங்கத்திலும் விலை பெரும்பாலும் காருக்குத்தான், உள்ளே எத்தனை பேர் என்பதற்கு அல்ல. அரிசியும் பருப்பும் குக்கரும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்பதும் சின்ன லாபமில்லை, மலை மேல் கடைகளில் விலை கன்னாபின்னா. ஆனால் பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்கள் கொண்டு போகக் கூடாது. தயிரும் நெய்யும் வீட்டில் இருக்கட்டும், புளிக்காய்ச்சல் வரட்டும்.

சனிக்கிழமை, டயர், விசா

பிரெஞ்சு ஆல்ப்ஸின் டாரன்டேஸ் பள்ளத்தாக்கில்தான் 'மூன்று பள்ளத்தாக்குகள்' என்ற பெயருள்ள சறுக்குத் தளம், லா பிளான், லேஸார்க், டின், வால் டிசேர் எல்லாம் இருக்கின்றன. அத்தனைக்கும் வாசல் ஆல்பர்வீலிலிருந்து மூட்டியே போகும் ஒரே சாலை. பிப்ரவரிச் சனிக்கிழமைகளில் அது நகராது. அதனால் டாரன்டேஸுக்கு ஞாயிறு முதல் ஞாயிறு வரை வாடகைக்குத் தரும் வீடு கிடைத்தால், சனிக்கிழமைக் கப்பலில் 30 பவுண்டு கூடுதலாக இருந்தாலும் அதைப் பிடியுங்கள். இல்லையென்றால் மோர்சின், லே ஜே பக்கம் போங்கள். ஏ40இலிருந்து க்ளூஸில் இறங்கி ஏறிவிடலாம், கலேயிலிருந்து தூரமும் குறைவு. செலவை இன்னும் இறக்க வேண்டுமானால் வோஜ் மலையில் ஜெரார்மே, லா ப்ரெஸ் இருக்கின்றன. முதல் முறை சறுக்கிப் பழகுகிற பிள்ளைகளுக்கு அது தாராளம். உயரம் குறைவு என்பதால் பனி நிச்சயமில்லை, கடைசி வாரத்தில் முன்னறிவிப்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டிய இடம்.

பிரான்சின் மலை மாவட்டங்களில் குறிப்பிட்ட ஊர்களில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ செயினோ கட்டாயம். 2024 நவம்பரிலிருந்து டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் பனிப்பூவும் சேர்ந்த குறி இருந்தால்தான் கணக்கு, சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் எம்+எஸ் எழுத்து போதாது. செயின் வாங்கினால் வீட்டு வாசலில் வெளிச்சத்தில் ஒரு முறை மாட்டிப் பாருங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும். பிரான்ஸ் வழியாக ஓட்டிப் போய் ஆஸ்திரியாவில் சறுக்கினால் ஆஸ்திரியாதான். விசா கைக்கு வரும் வரை தேதி மாற்ற முடிகிற டிக்கெட்டை மட்டும் வாங்குங்கள், அதற்குக் கொஞ்சம் கூடுதல் கொடுப்பது வீணில்லை. டோவரிலும் போக்ஸ்டனிலும் பிரெஞ்சுக் காவலர்கள் இங்கிலாந்து மண்ணிலேயே கடவுச்சீட்டைப் பார்ப்பார்கள். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் படமும் எடுக்கும் புதிய முறை படிப்படியாக வந்திருப்பதால் விடுமுறை வாரங்களில் வரிசைக்கென்று நேரம் ஒதுக்கியே கிளம்ப வேண்டும்.

போன வழியிலேயே திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆஸ்திரியாவுக்கு ஹார்விச் வழியாகப் போய், டங்கர்க் வழியாகத் திரும்பலாம், இரண்டு ஒற்றை டிக்கெட்டாக வாங்கினால் போதும். திரும்பும்போது மட்டும் சனி ராத்திரிக் கடைசிக் கப்பலைக் குறிவைக்காதீர்கள். ஞாயிறு மதியம் போல ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சனி ராத்திரி வழியில் எங்காவது படுத்துவிடுங்கள்.