வீடு தேற, குடும்பம் தேய: 'பர்ண்ட் ஆஃபரிங்ஸ்' நாவல்

ராபர்ட் மராஸ்கோ எழுதி 1973இல் வெளிவந்த 'பர்ண்ட் ஆஃபரிங்ஸ்' என்னும் ஆங்கில நாவலைப் பேய் வீட்டுக் கதைகளின் வரிசையில் வைப்பது வழக்கம். ஆனால், இதுதான் பேய் என்று சுட்டிக் காட்டக்கூடிய உருவம் எதுவும் முன்னால் வந்து நின்று இந்த நாவலில் நம்மை மிரட்டுவதில்லை. பக்கத்துக்குப் பக்கம் வருவது வீட்டு வேலைதான்: தூசி தட்டுவது, தரையை மெருகேற்றுவது, வெள்ளிப் பாத்திரங்களைத் துலக்குவது, பழுதானவற்றைச் சீர்செய்வது. அந்த வேலையிலிருந்தே, வேறு எந்தத் துணையும் இல்லாமல், மராஸ்கோ அச்சத்தை எழுப்பிவிடுகிறார். நான் படித்த திகில் நாவல்களுள் ஒரு குடும்பத்தை இவ்வளவு நெருங்கிப் பார்த்தது வேறொன்றில்லை.

கதைச் சுருக்கம் எளியது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் புழுக்கமும் இரைச்சலுமான அடுக்ககத்தில் வாழும் பென், மரியன் தம்பதியர், கோடை விடுமுறைக்கு ஒரு வீடு தேடுகின்றனர். ஆலர்டைஸ் என்ற உடன்பிறப்புகள் இருவரின் பெரிய பழைய மாளிகை, கோடை முழுவதற்கும் 900 டாலர் என்ற நம்ப முடியாத வாடகைக்குக் கிடைக்கிறது. நிபந்தனைகள் இரண்டே: வீட்டை நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும், மாடியறையை விட்டு வெளியே வராத, 85 வயதான அவர்களுடைய தாயாருக்கு நாள்தோறும் மூன்று வேளை உணவுத் தட்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். மகன் டேவிட், பென்னின் வயது முதிர்ந்த அத்தை எலிசபெத் ஆகியோருடன் அவர்கள் அங்கே குடிபுகுகின்றனர்.

இதற்குப் பின் நடப்பவற்றை முழுவதும் சொல்லிவிடுவது படிக்கப்போகிறவர்களுக்குச் செய்யும் அநீதி. இவ்வளவு சொல்லலாம்: குடும்பத்தில் ஒவ்வொருவராக நலம் குன்றுகின்றனர்; வீடு பொலிவு பெறுகிறது. பட்டுப்போன செடிகள் தளிர்க்கின்றன. இந்தக் கணக்கை வாசகர் வெகு சீக்கிரம் புரிந்துகொள்கிறார்; மரியனும் எங்கோ மனத்தின் அடியில் புரிந்துகொண்டிருக்கிறாள் என்பதுதான் நாவலின் உண்மையான திகில். அவளை எந்த ஆவியும் பிடித்து ஆட்டவில்லை. அழகான பொருள்களின் மேல் அவளுக்கு முன்பே இருந்த ஆசையை அந்த வீடு மதிக்கிறது, அவள் உழைப்புக்கு உடனுக்குடன் பலன் காட்டுகிறது. கணவனும் மகனும் ஒருபோதும் கவனித்துப் பாராட்டாத வேலையை, ஒரு வீடு பாராட்டத் தொடங்கினால் என்ன ஆகும்? மாடியில் தொடப்படாமலே கிடக்கும் தட்டிலிருந்து மரியன் தானே உண்ணத் தொடங்கும் இடத்தில், அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது. அமைதியாக, எவ்வித ஆர்ப்பாட்டமும் இல்லாமல் எழுதப்பட்டிருக்கும் அந்தப் பகுதியை நான் மிகவும் போற்றுகிறேன்.

மொரீஷியஸில் வாழும் தமிழர்களுக்கு இந்த நாவல் தனிப்பட்ட முறையில் பேசும் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து இத்தீவுக்கு வந்த தமிழர்களுள் கொத்தர்களும் தச்சர்களும் இருந்தனர். போர்ட் லூயிஸ் அவர்கள் கைபட்டு எழுந்த நகரம். 1960ஆம் ஆண்டு ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கரோல் என்று அடுத்தடுத்து வந்த சூறாவளிகள் மரவீடுகளையும் தகரக் கூரைகளையும் ஆயிரக்கணக்கில் சாய்த்த பிறகு, காங்கிரீட் வீடே குடும்பத்தின் வாழ்நாள் இலக்காக மாறியது. ஆனால் காங்கிரீட்டும் ஓய்வு தருவதில்லை. தளத்தில் நீர் கசியும்; உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கும்; காரை செதில் செதிலாக உதிரும்; நவம்பரில் சூறாவளிக் காலம் தொடங்குமுன் மறுபடியும் தளத்துக்கு நீர்க்காப்புப் பூச வேண்டும். தாத்தா ஒரு மாடி, அப்பா ஒரு மாடி என்று எழுப்பி, மூன்றாம் மாடிக்கென நீட்டி விட்ட கம்பிகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் இங்கு ஏராளம். ஊதியமும் ஞாயிற்றுக்கிழமைகளும் உடல்நலமும் வீட்டுக்குள் போய்க்கொண்டிருப்பதை அறிந்த ஒருவருக்கு, மராஸ்கோவின் மாளிகை அயல்நாட்டுக் கற்பனையாகத் தோன்றாது. விடுமுறையில் கடற்கரையோரம் கம்ப்மான் என்னும் விடுமுறை வீட்டை எடுத்து, அத்தை, பெரியம்மா, பிள்ளைகள் என எல்லாரும் ஒரே கூரையின் கீழ் தங்கும் நம் வழக்கமும் முதற்பகுதியை மிகவும் பழகிய ஒன்றாக்கிவிடுகிறது.

நம்முடைய பேய்க் கதைகளில் ஒரு துர்மரணம் இருக்கும், அதற்கொரு காரணம் இருக்கும், கடைசியில் பூசாரியோ பரிகாரமோ வந்து சேரும். இந்நாவல் அவற்றில் ஒன்றையும் தருவதில்லை. இந்த வீடு ஏன் இப்படி என்று எவரும் விளக்க முன்வருவதில்லை. சிலருக்கு இது குறையாகப் படலாம். எனக்கு இதுவே வலிமை. விளையாட்டாகத் தொடங்கிய ஒன்று தந்தை மகனை நீருக்குள் அழுத்திப் பிடிப்பதாக மாறும் நீச்சல் குளக் காட்சியில், பழிவாங்கும் ஆவி ஒன்று இருந்திருந்தால் நாம் பென்னை எளிதில் மன்னித்திருப்போம். அப்படி மன்னிக்க வழியில்லாததால், பென் தன் கைகளைக் கண்டே அஞ்சுவது நம்மையும் பற்றிக்கொள்கிறது.

குறைகளும் உண்டு. குவீன்ஸில் நடக்கும் தொடக்கப் பகுதி தேவைக்கு மேல் நீள்கிறது. வீட்டைப் பார்க்கப் போவதும் உடன்பிறப்புகளின் நீண்ட பேச்சும் பொறுமையைச் சோதிக்கும். சிறுவன் டேவிட் பெரும்பாலும் பிறர் செயலுக்கு ஆளாகும் பொம்மையாகவே நிற்கிறான்; அவன் மனத்துக்குள் ஆசிரியர் சென்றிருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக எலிசபெத் அத்தை அருமையாக அமைந்திருக்கிறாள். சுறுசுறுப்பும் நகைச்சுவையுமாக வீட்டுக்குள் வந்தவள் நாளுக்கு நாள் ஒடுங்குவதையும், தான் செய்யாத தவறுக்குத் தன்னையே சந்தேகிப்பதையும் படித்தபோது, எனக்கு மனம் கனத்தது.

1976இல் டான் கர்டிஸ் இயக்கத்தில், கேரன் பிளாக், ஆலிவர் ரீட், பெட்டி டேவிஸ் நடிப்பில் இது திரைப்படமாகவும் வந்தது. நடிப்பு நன்றாக இருந்தாலும், மரியனின் உள்மனப் போராட்டத்தைத் திரையால் முழுமையாகக் காட்ட இயலவில்லை. ஆகவே நாவலை முதலில் படிப்பதே முறை. நடுத்தர ஆங்கிலப் பயிற்சி உள்ளவர்களுக்கு நடை கடினமாக இராது. சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. வீட்டு வேலையைத் தனியாகச் சுமப்பவர் குடும்பத்தில் எவரோ, அவரோடு மற்றவர்களும் சேர்ந்து படித்துப் பேசினால் நாவல் இன்னும் விரியும் என்பது என் கருத்து.