நான்செனா, அமுண்ட்செனா?

நார்வே வரலாற்றில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பலரும் இரண்டு பெயர்களுக்கு நடுவே வந்து நிற்பார்கள்: ஃபிரிட்யோஃப் நான்சென், ரோஆல் அமுண்ட்சென். இருவரும் துருவப் பயணிகள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ 11 வயது வித்தியாசம். இருவரும் வெவ்வேறு காலத்தில் ஒரே கப்பலை நம்பிப் புறப்பட்டவர்கள். நான்சென் வடதுருவத்தைத் தொட முயன்று, தொடாமலே திரும்பினார். அமுண்ட்சென் 1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தில் கால் பதித்தார். அவருக்கு முன் அங்கே யாரும் நின்றதில்லை.

என் ஓட்டு நான்செனுக்கு. ஆனால் அதற்காக அமுண்ட்செனைக் குறைத்துப் பேசுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. அதே துருவத்துக்குப் போட்டியாகப் போன பிரிட்டிஷ் பயணி ஸ்காட் திரும்பி வரும் வழியில் இறந்துபோனதால், பிரிட்டனில் அந்தக் காலத்திலேயே பலர் அமுண்ட்செனின் வெற்றியை ஏதோ குறுக்கு வழியில் வந்ததுபோலப் பேசினார்கள். அது அநியாயம். ஆகவே முதலில் அவருக்குச் சேர வேண்டியதைக் கணக்குத் தீர்த்துவிடுகிறேன்.

பனியில் யார் கைதேர்ந்தவர்?

சந்தேகமே இல்லை, அமுண்ட்சென்தான். 1903இல் அவர் வடமேற்குக் கடல்வழியை, அதாவது வட அமெரிக்காவின் வடக்கே அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வழியை, தேடிப் புறப்பட்ட ‘யோஆ’ 47 டன் எடையுள்ள பழைய மீன்பிடிப் படகு. அவர் பிறந்த 1872ஆம் ஆண்டிலேயே கட்டப்பட்டது. அவரோடு சென்றவர்கள் ஆறே பேர். கடன் கொடுத்தவர்கள் படகைப் பிடித்துவைத்துவிடுவார்கள் என்று பயந்து நள்ளிரவில் கிளம்பினார்கள். ஜான் ஃபிராங்க்ளின் இரண்டு பெரிய கப்பல்களோடும் 129 பேரோடும் போய் ஒருவர்கூடத் திரும்பாத அதே கடற்பகுதி அது.

கிங் வில்லியம் தீவில் இரண்டு குளிர்காலம் தங்கினார். அங்கே வாழ்ந்த நெட்சிலிக் இன்யூட் மக்களிடம் மாணவனைப்போல உட்கார்ந்து பாடம் கற்றார். மான்தோல் அங்கியை உடம்போடு ஒட்டாமல் தொளதொளவென்று அணிந்தால்தான் வியர்வை உள்ளே உறையாது; நாய்களை எவ்வளவு நேரம் ஓட்டலாம், எப்போது நிறுத்த வேண்டும்; பனிக்கட்டியை வெட்டி வீடு கட்டுவது எப்படி. ஐரோப்பியப் பயணிகள் பலர் அந்த மக்களை வேடிக்கை பார்த்துவிட்டுப் போன காலத்தில், அவர்களுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டதுதான் அமுண்ட்செனின் மேதைமை. 1906இல் யோஆ அலாஸ்காவின் நோம் துறைமுகத்தை அடைந்தபோது, முழு வழியையும் கப்பலிலேயே கடந்த முதல் குழு என்ற பெயர் அவர்களுக்குக் கிடைத்தது.

தென்துருவத்தில் அந்தப் பாடம் பலன் தந்தது. 80, 81, 82 பாகைத் தெற்கு அட்சரேகைகளில் (துருவம் 90ஆம் பாகை) உணவுக் கிடங்குகளை முன்கூட்டியே அமைத்தார்கள். பனிப்புயலில் திரும்பி வருகிறவன் கிடங்கைத் தவறவிட்டால் செத்தான். அதனால் 80ஆம் பாகைக் கிடங்கின் கிழக்கிலும் மேற்கிலும் சில கிலோமீட்டர் தூரத்துக்கு வரிசையாகக் கொடிகளை நட்டு, ஒவ்வொன்றிலும் அடையாளம் இட்டார் அமுண்ட்சென். கொடி வரிசையில் எந்த இடத்தில் வந்து முட்டினாலும், கிடங்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். பயணத்துக்கு முந்தைய குளிர்காலம் முழுவதும், தெலமார்க் வட்டாரத்தைச் சேர்ந்த ஸ்கீ வீரர் ஊலாவ் பியோலாண்ட் பனிவண்டிகளை இழைத்து இழைத்து எடையைப் பெருமளவு குறைத்தார். அக்டோபர் 19 அன்று ஐந்து பேர், நான்கு வண்டிகள், 52 நாய்கள் என்று புறப்பட்டு, ஜனவரி 25 அன்று ஐந்து பேரும் உயிரோடு முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். நாய்கள் 11தான் மிஞ்சின. மற்றவற்றில் பெரும்பாலானவற்றைத் திட்டமிட்டுக் கொன்று, மனிதர்களும் மற்ற நாய்களும் தின்றிருந்தார்கள். படிக்கும்போது மனம் கூசுகிறது. ஆனால் அந்தக் கணக்குதான் ஐந்து மனிதர்களைக் காப்பாற்றியது.

நான்செனின் பயணங்களில் இத்தனை துல்லியம் கிடையாது. 1888இல் கிரீன்லாந்தை முதன்முதலாகக் குறுக்கே கடந்தபோது, மனிதர் வாழாத கிழக்குக் கரையில் இறங்கி, ஊர்கள் இருக்கும் மேற்கு நோக்கி நடந்தார். பின்வாங்கவே வழியில்லாமல் செய்துகொள்வது அவர் உத்தி. துணிச்சல்தான், ஆனால் கூட வந்த ஐந்து பேரின் உயிரையும் சேர்த்து வைத்த பந்தயம். 1895 ஏப்ரலில் வடதுருவத்தை எட்டாமல் திரும்பிய நடையில், களைப்பில் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க மறந்துபோனார். நேரம் தவறினால் தீர்க்கரேகை தவறும். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே அதன் பிறகு வெகுநாள் உறுதியாகத் தெரியவில்லை. இப்படி ஒரு தவறு அமுண்ட்செனின் குழுவில் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

கப்பல் யாருடையது?

இங்கேதான் தராசு மறுபக்கம் சாயத் தொடங்குகிறது.

சைபீரியாவுக்கு வடக்கே 1881இல் பனியில் நொறுங்கிய ‘ஜீனெட்’ கப்பலின் பொருட்கள் மூன்று ஆண்டுகள் கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அவை எப்படி வந்தன? பனியே நகர்ந்து கொண்டுவந்திருக்க வேண்டும் என்று யோசித்தார் நான்சென். அப்படியென்றால் ஒரு கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவிட்டு, அந்த ஓட்டத்தோடு துருவத்தருகே போக முடியும். அன்றைய பெரிய துருவப் பயணிகள் பலர் இதைப் பைத்தியக்காரத்தனம் என்றார்கள். கொலின் ஆர்ச்சர் என்ற கப்பல் கட்டுநர், பக்கங்கள் உருண்டையாக வளைந்த ‘ஃபிராம்’ கப்பலைக் கட்டிக் கொடுத்தார். பனி இறுக்கினால் கப்பல் நசுங்காமல் வழுக்கி மேலே எழும்பும். 1893இல் 13 பேரோடு போய்ச் சிக்கிய ஃபிராம், 1896 ஆகஸ்ட்டில் முழுதாக வெளியே வந்தது. ஒருவர்கூட இறக்கவில்லை.

துருவம் கிடைக்கவில்லை. ஆனால் வடதுருவப் பகுதி ஆழமான பெருங்கடல் என்று உலகுக்குத் தெரிந்தது. பனி, காற்று வீசும் திசையில் போகாமல் சற்று வலப்புறமாக விலகிப் போவதை நான்சென் கவனித்துக் குறித்துவைத்தார். அதை வைத்துத்தான் சுவீடனைச் சேர்ந்த எக்மன், காற்று கடலை எப்படி நகர்த்துகிறது என்ற கோட்பாட்டை எழுதினார். இன்றும் கடலியல் மாணவர்கள் படிக்கிறார்கள். நான்சென் செய்த காரியம் எதை எடுத்தாலும் அடுத்தவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கிரீன்லாந்துப் பயணத்துக்காக அவர் வடிவமைத்த லேசான பனிவண்டியும் சமையல் அடுப்பும் பிற்காலத் துருவப் பயணிகளின் வழக்கமான சாமான்களாகிவிட்டன. அமுண்ட்செனின் தலைமுறை அந்த அடித்தளத்தில்தான் நின்றது.

கப்பலையும் கொடுத்தார். ஃபிராம் அரசுடைமைதான் என்றாலும், முதல் உரிமை நான்செனுக்கு என்பதில் நார்வேயில் யாருக்கும் ஐயமில்லை. தென்துருவத்துக்குத் தானே போக வேண்டும் என்ற ஆசையும் அவருக்குள் இருந்தது. அதை விட்டுக்கொடுத்து, வடதுருவப் பனியோட்டத்தை மீண்டும் ஆராயப் போவதாகச் சொன்ன அமுண்ட்செனுக்கு வழிவிட்டார். 1909இல் அமெரிக்கர்களான குக், பியரி இருவரும் வடதுருவத்தை அடைந்துவிட்டதாக அறிவித்ததும் அமுண்ட்சென் ரகசியமாகத் தெற்கே திரும்பினார். பணம் கொடுத்த நாடாளுமன்றத்துக்குச் சொல்லவில்லை. கப்பலைக் கொடுத்த நான்செனுக்குச் சொல்லவில்லை. மாலுமிகள் பெரும்பாலோருக்கு 1910 செப்டம்பரில் மதீரா தீவை அடைந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்காட்டுக்கு மெல்போர்னில் ஒரு சுருக்கமான தந்தி காத்திருந்தது.

சொல்லியிருந்தால் தடுத்திருப்பார்கள் என்பது அவர் பக்க நியாயம். இருக்கலாம். ஆனால் நம்பிக் கொடுத்தவரிடம் மறைத்தது மறைத்ததுதான். செய்தி தெரிந்த பிறகு நான்சென் வெளிப்படையாக அவரைக் கண்டித்து ஒரு வார்த்தை பேசவில்லை.

யால்மார் யோஹான்சென்

இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்க இவரைவிடப் பொருத்தமான சாட்சி இல்லை. இருவரோடும் போனவர்.

1895 மார்ச்சில் ஃபிராமைவிட்டு இறங்கி, 28 நாய்களோடும் இரண்டு கயாக் படகுகளோடும் வடக்கே நடந்தவர்கள் நான்செனும் இவரும்தான். 86 பாகை 14 கலை வரை போனார்கள். அதுவரை மனிதர் எட்டாத வடக்கு. திரும்பும் வழியில் ஒரு பனிக்கரடி யோஹான்செனைக் கீழே தள்ளியது. கரடியின் கழுத்தைப் பிடித்தபடி அவர், சீக்கிரம் சுடாவிட்டால் காலம் கடந்துவிடும் என்று நான்செனிடம் நிதானமாகச் சொன்னாராம். ஃபிரான்ஸ் யோசெஃப் தீவுகளில் கல்லடுக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாகப் போட்டு, ஒரே உறக்கப் பையில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். கரடி இறைச்சியும் வால்ரஸ் கொழுப்பும்தான் சாப்பாடு. 1896 கோடையில், கட்டிவைத்த கயாக்குகள் அவிழ்ந்து மிதந்து போனபோது நான்சென் பனிநீரில் குதித்து நீந்திப் பிடித்தார். அவை போயிருந்தால் இருவரும் போயிருப்பார்கள்.

ஊருக்குத் திரும்பிய யோஹான்செனுக்கு வாழ்க்கை ஒத்துவரவில்லை. குடி, கடன், குடும்பப் பிரிவு. நான்சென் அவ்வப்போது உதவினார். அமுண்ட்செனிடம் பரிந்துரைத்து ஃபிராமில் இடம் வாங்கிக் கொடுத்தவரும் அவரே.

1911 செப்டம்பரில் அமுண்ட்சென் அவசரப்பட்டார். வசந்தம் வருமுன் கிளம்பி, தாங்க முடியாத குளிரில் திரும்ப நேர்ந்தது. திரும்பும்போது அவர் வேகமான வண்டியில் முந்திக்கொண்டு முகாமுக்கு வந்துவிட்டார். பின்தங்கிய பிரெஸ்ட்ருட் கால் உறைந்து தடுமாற, உணவும் அடுப்பும் இல்லாமல் அவரை முகாம் வரை இழுத்து வந்தவர் யோஹான்சென். மறுநாள் காலைச் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும், ஒரு தலைவன் இப்படியா செய்வது என்று கேட்டார். கேட்டது சரிதான். ஆனால் அமுண்ட்சென் அவரைத் துருவக் குழுவிலிருந்து நீக்கி, அவர் காப்பாற்றிய பிரெஸ்ட்ருடின் கீழேயே வேறொரு சிறு பயணத்துக்கு அனுப்பினார். துருவ அனுபவத்தில் அந்த முகாமிலேயே மூத்தவருக்குக் கிடைத்த தண்டனை அது. 1913 ஜனவரியில் யோஹான்சென் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

அவர் சாவுக்கு அமுண்ட்செனை மட்டும் பொறுப்பாக்க மாட்டேன். உடைவு முன்பே தொடங்கியிருந்தது. ஒரு கலகத்தை நான்கு மாத இருட்டில் அடைபட்டிருந்த முகாம் தாங்காது என்பதும் உண்மை. ஆனாலும் தவறு தன்னுடையது என்று தெரிந்தும் அதைச் சுட்டிக்காட்டியவரைத் தண்டித்த தலைமையை என்னால் உயர்வாகச் சொல்ல முடியாது.

துருவங்களுக்குப் பிறகு

அமுண்ட்சென் ஓயவில்லை. ‘மௌத்’ கப்பலில் வடகிழக்குக் கடல்வழி, 1924இல் திவால், 1925இல் விமானத்தில் ஏறத்தாழ 88 பாகை வரை, 1926 மே 12 அன்று ‘நார்கே’ வான்கப்பலில் வடதுருவத்துக்கு மேலே. அந்த வான்கப்பலை வடிவமைத்து ஓட்டிய இத்தாலியர் நோபிலேவோடு புகழுக்காகச் சண்டை. கசப்பான ஒரு சுயசரிதை. பிறகு 1928இல் அதே நோபிலே வடக்கே விபத்தில் சிக்கியபோது, தேடப் புறப்பட்டார். ஜூன் 18 அன்று துரோம்சோவிலிருந்து கிளம்பிய விமானம் திரும்பவில்லை. பகைவனுக்காகப் போன அந்தப் பயணத்தை அவர் கணக்கில் மிக உயர்வாக எழுத வேண்டும்.

நான்செனின் இரண்டாவது வாழ்க்கை 1920இல் தொடங்கியது. முதல் உலகப் போர் முடிந்தும் ரஷ்யாவிலும் மத்திய ஐரோப்பாவிலும் சிக்கிக் கிடந்த போர்க்கைதிகளை ஊர் சேர்க்கும் வேலையை, ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகளின் சங்கம் அவரிடம் கொடுத்தது. இரண்டே ஆண்டுகளில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு திரும்பினார்கள். 1921இல் ரஷ்யாவின் வோல்கா கரையில் பஞ்சம். அரசுகளிடம் கெஞ்சினார், கொடுத்தால் போல்ஷெவிக்குகளுக்குப் பலம் சேரும் என்று மறுத்துவிட்டன. பொதுமக்களிடம் கையேந்தினார். எண்ணிக்கையில் அமெரிக்க நிவாரண அமைப்பு ஊட்டிய வயிறுகள் பல மடங்கு அதிகம், அதை மறைக்கக் கூடாது.

கறைகளும் உண்டு. 1923இல் கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையே 15 லட்சம் பேர் வரை கட்டாயமாக இடம் மாற்றப்பட்டார்கள்; அந்தத் திட்டத்தில் நான்செனின் கை இருந்தது. மதத்தைப் பார்த்து மக்களைப் பிடுங்கி நடுவதை, வேறு வழியில்லை என்ற சமாதானத்தோடு என்னால் விழுங்க முடியவில்லை. பஞ்ச நிவாரணத்திலும் ஆர்மீனியப் பணியிலும் அவருக்கு உதவியாளராக இருந்தவர் விட்குன் குவிஸ்லிங். பிற்காலத்தில் ஹிட்லருக்கு நாட்டைக் காட்டிக்கொடுத்தவர். ஆர்மீனிய அகதிகளுக்காக நான்சென் தீட்டிய குடியேற்றத் திட்டத்துக்கு அரசுகள் பணம் தரவில்லை. அது தோல்வி.

இத்தனையையும் எடைபோட்ட பிறகும் தராசை என் கண்ணில் சாய்ப்பது 1922ஆம் ஆண்டின் ஒரு தாள். புரட்சிக்குப் பிறகு வெளியேறிய லட்சக்கணக்கான ரஷ்யர்களின் குடியுரிமையைச் சோவியத் அரசு பறித்துவிட்டது. எந்த நாடும் தன் குடிமகன் என்று சொல்லாத மனிதன் எல்லையைத் தாண்ட முடியாது. வேலை தேடிப் போக முடியாது. அகதிகளுக்கான ஆணையராக இருந்த நான்சென், நாடற்றவருக்கும் ஓர் அடையாளச் சான்று கொடுக்க அரசுகளைச் சம்மதிக்க வைத்தார். ‘நான்சென் பாஸ்போர்ட்’ என்று பெயர்பெற்ற அதை 50க்கும் மேற்பட்ட அரசுகள் ஏற்றன. இசையமைப்பாளர் ஸ்டிராவின்ஸ்கி வைத்திருந்ததும் அதுதான், பாரிஸில் டாக்சி ஓட்டிய பெயர் தெரியாத ரஷ்யர் வைத்திருந்ததும் அதுதான். பின்னர் ஆர்மீனியர்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டே நான்செனுக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. தொகையை நிவாரணப் பணிக்கே கொடுத்தார்.

1930 மே 13 அன்று நான்சென் இறந்தார். தாள் அவரோடு போகவில்லை. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையின் 28ஆம் பிரிவு, அகதியை ஏற்ற நாடு அவருக்குப் பயண ஆவணம் தர வேண்டும் என்கிறது. அது நான்சென் பாஸ்போர்ட்டின் நேரடி வாரிசு. 1983க்குப் பிறகு ஐரோப்பாவில் தஞ்சம் பெற்ற ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர், இலங்கைக் கடவுச்சீட்டு இல்லாமல் எல்லை கடந்து உறவினரைப் பார்க்கப் போனது அந்த ஆவணத்தைக் காட்டித்தான்.