ருகர் அமெரிக்கன் பிரிடேட்டரா, பெர்காரா பி-14 ஹெச்எம்ஆரா?

கையைக் கடிக்காத விலையில் தொலைதூரத் துப்பாக்கி தேடும் அமெரிக்கர்கள் பலர் இந்த இரண்டுக்கும் இடையில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டிலும் தோட்டா 6.5 கிரீட்மோர் என்றே வைத்துக்கொள்வோம்.

விலை: ருகர் மலிவு. பெர்காரா ஏறக்குறைய இரு மடங்கு.

எடை: ருகர் 3 கிலோ, தூக்கி நடக்கலாம். பெர்காரா 4 கிலோவுக்கு மேல். ஆனால் எடை கூடுவதால் சுடும்போது தோளில் படும் உதை குறையும்; குண்டு விழும் இடத்தை ஸ்கோப்பிலேயே (குறிபார்க்கும் தொலைநோக்கி) பார்த்துவிடலாம்.

போல்ட் (தோட்டாவை ஏற்றி இறக்கும் தண்டு): ருகரில் அதன் கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும்.

கட்டை (துப்பாக்கியைத் தாங்கும், தோளில் வைக்கும் பகுதி): உண்மையான வித்தியாசம் இங்கேதான். ருகரின் பிளாஸ்டிக் கட்டை முன்பக்கம் வளையும். பைபாட் (இருகால் தாங்கி) மாட்டி அழுத்திப் படுத்தால் குழலில் உரசவும் வாய்ப்புண்டு. குழலை எதுவும் தொடாதவரைதான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். பெர்காராவில் கட்டைக்குள்ளேயே அலுமினியச் சட்டகம் இருக்கிறது. கன்னம் பதியும் பகுதியையும் உயர்த்தலாம். ரெமிங்டன் 700 என்ற பிரபல துப்பாக்கியின் அளவில் செய்யப்பட்டதால் டிரிக்கர் மாற்றுவதும் சுலபம்.

மான் வேட்டை, 500 கஜப் பயிற்சி என்றால் ருகர் தாராளம். மிச்சப் பணத்தை நல்ல ஸ்கோப்பில் போடுங்கள். துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் பெர்காராவையே வாங்குங்கள். ருகர் வாங்கிக் கட்டையைப் பிறகு மாற்றலாம் என்று கணக்குப் போட்டால், மொத்தச் செலவு பெர்காரா விலையை நெருங்கிவிடும்.