மாணவர் கையில் பழகிய குதிரைகள்: ஒரு பல்கலைக்கழக ஏலம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் குதிரையியல் மாணவர்கள் தாங்களே முன்னின்று நடத்தும் ஏலத்தில், இரண்டு வயது குவார்ட்டர் இனக் குதிரை ஒன்றை வாங்கினேன். பண்ணைகள் அனுப்பும் இளங்குதிரைகளைப் பல மாதங்கள் சேணத்துக்குப் பழக்குவதும், விவரப் பட்டியல் தயாரிப்பதும், ஏல நாளன்று களத்தில் ஏறி ஓட்டிக் காட்டுவதும் மாணவர்களே என்பதால், ஒரு குதிரையின் குணத்தை அதை நாள்தோறும் தேய்த்துவிட்டவரிடமே கேட்டறிய முடிகிறது. பின்னங்குளம்பைச் சுத்தம் செய்யத் தூக்கியபோது நான் பார்த்த பெட்டைக் குதிரை காதுகளைப் பின்னுக்கு மடக்கியது. அதைப் பழக்கிய மாணவி சற்றும் மழுப்பாமல், "இடக்காலைத் தொட்டால் இன்னும் கூசும்" என்றார். தரகர்களிடம் இப்படியொரு பதிலை நான் கேட்டதேயில்லை. கால்களின் எக்ஸ்ரே படங்களும், தொற்று இரத்தசோகை இல்லை என்பதற்கான காகின்ஸ் பரிசோதனைச் சான்றும் ஏலத்துக்கு முன்பே பார்வைக்குக் கிடைத்தன.

குறையும் உண்டு. பட்டியலில் 15 கை என்றிருந்த உயரம், அளந்தபோது 14.2 தான், அதாவது 14 கை 2 அங்குலம்; ஒரு கை 4 அங்குலம் ஆதலால், இது 2 அங்குலக் குறைவு. பணம் செலுத்த ஒரே மேசை. கால் கடுக்க நின்றேன். முதல்முறையாகக் குதிரை வாங்குவோருக்கு இவ்வளவு இளவயதுக் குதிரைகளைப் பரிந்துரைக்க மாட்டேன். ஏறிப் பழகியவர்கள் முந்தைய நாளே லாயத்துக்குச் சென்று பார்ப்பது நல்லது, அளவுகோலோடு.