ஒரே பிளினி, ரெண்டு தேதி

பிளினி தி எல்டர் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன். ஆனா சும்மா "செம பீர், மிஸ் பண்ணாதீங்க"ன்னு நாலு வரி எழுத மனசு வரல, ஏன்னா இதே பிளினிய குடிச்சுட்டு "இதுக்கா இவ்ளோ பில்டப்பு"ன்னு மூஞ்சிய சுளிச்ச ரெண்டு மூணு பேர எனக்கு நல்லா தெரியும், அவங்க யாரும் பொய் சொல்லல. அவங்க கைக்கு வந்த பாட்டில் பழசு, அவ்ளோதான் விஷயம். அதனால இந்த தடவ ஒரே பீர ரெண்டு தேதியில வாங்கி பக்கத்து பக்கத்துல ஊத்தி குடிச்சு பாத்துட்டு எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு கொஞ்சம் முன்கதை. கலிஃபோர்னியாவுல சோனோமா பக்கம் ரஷ்யன் ரிவர்னு ஒரு ப்ரூவரி, 1997ல கோர்பெல்ங்கற ஷாம்பெயின் கம்பெனி ஆரம்பிச்சது, அப்புறம் அவங்க பீர் வேணாம்னு விலகினப்ப அங்க ப்ரூமாஸ்டரா இருந்த வின்னி சிலுர்சோவும் அவரு மனைவி நடாலியும் 2003ல அதை வாங்கிட்டாங்க. 2004ல சான்டா ரோசாவுல பப், 2018ல விண்ட்சர்ல பெரிய ப்ரூவரி. பிளினி பொறந்த கதை எங்க ஏரியாவோடது, நான் இருக்கறது ஃப்ரீமான்ட், பக்கத்துல ஹேவர்ட்ல தி பிஸ்ட்ரோன்னு ஒரு பார், அங்க 2000ல டபுள் ஐபிஏவுக்குன்னே (ஐபிஏன்னா ஹாப்ஸ் வாசனையும் கசப்பும் தூக்கலா இருக்கற பீர் ரகம், டபுள்னா அதுலயே இன்னும் கனமானது) ஒரு திருவிழா வெச்சாங்க, அதுக்காக வின்னி செஞ்சதுதான் இது. 8 சதவீதம் ஆல்கஹால். பேரு வந்தது வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்ப செத்துப்போன ரோமானிய அறிஞர் பிளினிகிட்ட இருந்து, ஹாப்ஸ் செடிய பத்தி முதல்ல எழுதி வெச்சவரு அவருதான்னு சொல்லுவாங்க.

ஹாப்ஸ்ங்கறது ஒரு கொடியோட பூ. பச்சையா, குட்டி பைன் காய் மாதிரி இருக்கும், பிச்சு பாத்தா உள்ள மஞ்சளா மகரந்தம் மாதிரி ஒரு பொடி, விரல்ல ஒட்டிக்கும், அந்த பொடியில தான் கசப்பும் வாசனையும் இருக்கு. கொதிக்கற வொர்ட்ல, அதாவது பீரா மாறுறதுக்கு முன்னாடி இருக்கற இனிப்பு மால்ட் தண்ணியில போட்டா கசப்பு எறங்கும், கொதி அடங்கி ஆறுனப்புறம் போட்டா வாசனை தங்கும். பிளினில ரெண்டுமே தாராளம், சிம்கோ, சென்டெனியல், அமரில்லோன்னு போகும் அந்த லிஸ்ட்டு.

சரி பாட்டிலுக்கு வருவோம்.

முதல் பாட்டில், நேரா விண்ட்சர் போய் வாங்குனது. ஒரு சனிக்கிழமை காலையில கெளம்பி, 880ல ஏறி ரிச்மண்ட் பாலம் தாண்டி 101ல வடக்க போனோம், நானு, என் மனைவி, மதுரைக்கார ஃப்ரெண்டு ஒருத்தன். மனைவி குடிக்க மாட்டா, அவ வண்டி ஓட்டுனதால நாங்க நிம்மதியா போனோம். பாட்டில்ல தேதி பாத்தா அடைச்சு 11 நாள் தான் ஆச்சு. ஐஸ் பாக்ஸ்ல வெச்சு எடுத்துட்டு வந்து நேரா ஃப்ரிட்ஜ்.

ரெண்டாவது பாட்டில் எங்க வீட்டுக்கு பத்து நிமிஷத்துல இருக்கற ஒரு கடையில வாங்குனது. கடை பேரு வேணாம். அங்க பிளினி இருக்குறதே பெரிய விஷயம்னு முன்னாடியெல்லாம் நான் சந்தோஷப்பட்டிருக்கேன். இந்த தடவ பாட்டில திருப்பி பாத்தேன், 112 நாள். அதுவும் ஃப்ரிட்ஜ்ல இல்ல, வாசல் பக்கம் கண்ணாடிக்கு நேரா அலமாரியில, தொட்டா வெதுவெதுன்னு இருந்துச்சு. கல்லாவுல இருந்தவர்கிட்ட "இது ரொம்ப பழசு, வெளிய வேற வெச்சிருக்கீங்களே"ன்னு மெதுவாத்தான் கேட்டேன், பீரெல்லாம் கெட்டுப் போகாது சார், வேணும்னா ஃப்ரீசர்ல அரை மணி நேரம் வெச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு அடுத்த ஆள பாத்தாரு. விலை என்னமோ முழு விலைதான். எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருந்துச்சு, ஏன்னா அந்த பாட்டில் மேலயே எழுதி இருக்கு, குளுமையா வைங்க, புதுசா குடிங்க, சேத்து வைக்காதீங்கன்னு, ஒரு தடவ இல்ல, லேபிள் முழுக்க சுத்தி சுத்தி அதேதான் எழுதி இருக்காங்க. செஞ்சவங்க அவ்ளோ கெஞ்சியும் விக்கறவர் காதுல விழலன்னா என்ன பண்றது.

ரெண்டையும் ஒரே நாள் ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்சு, அடுத்த நாள் சாயங்காலம் ஒரே மாதிரி ரெண்டு க்ளாஸ்ல ஊத்துனேன், எது எதுன்னு ஃப்ரெண்டுக்கு சொல்லல.

புதுசு ஊத்தும்போதே வாசனை மேல வந்துடுச்சு, க்ளாஸ கிட்ட கொண்டு போக வேண்டிய அவசியமே இல்ல. கொடைக்கானல்ல மழை விட்டதும் பைன் மரக்காட்டுல ஒரு வாசனை வருமே அது, அதுக்கு அடியில சாத்துக்குடி தோலு. நுரை வெள்ளையா இறுக்கமா நின்னுச்சு. நெறம் தெளிவான தங்கம். கசப்பு உண்டு, நல்லாவே உண்டு, ஆனா நார்த்தங்கா தோல கடிச்ச மாதிரி சுத்தமான கசப்பு, சட்டுனு வந்து சட்டுனு போயிடும், நாக்குல ஒட்டிக்கிட்டு கெடக்காது. 8 சதவீதம்னு சொன்னாத்தான் தெரியும்.

பழசு, நெறத்துலயே ஒரு பொட்டு கூட சிவப்பு. வாசனை தேடணும். தேடுனா தேனு, கருகுன சக்கரை, அப்புறம் எல்லாத்துக்கும் பின்னாடி ஒரு மங்கல். ஃப்ரெண்டு ஒரு வாய் வெச்சுட்டு க்ளாஸ கீழ வெச்சான். "டேய் என்னடா இது, மழையில நனைஞ்ச அட்டப்பெட்டி மாதிரி இருக்கு"ன்னான். பீர் ருசி பாக்கறவங்க பழைய பீருக்கு வழக்கமா சொல்ற வார்த்தையே அட்டப்பெட்டி தான், அது அவனுக்கு தெரியவே தெரியாது, நாக்கு அதுவா கண்டுபிடிச்சிருக்கு. கசப்பும் அப்படித்தான், குறையல, ஆனா முரடா இருந்துச்சு, வாசனை போயிட்டதால தனியா நிக்குது. மனைவிகிட்ட ரெண்டு க்ளாஸையும் மோந்து மட்டும் பாருன்னு நீட்டுனேன், முதல்ல மோந்தது புதுசு, "இது இப்பதான் உரிச்ச ஆரஞ்சு"ன்னா, அடுத்தது பழசு, கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு "இது பரண்ல இருந்து எடுத்த நோட்டு"ன்னா.

ஏன் இப்படி ஆகுதுன்னா, நம்ம வீட்டு காபிப்பொடி கதை தான். கடையில கண்ணு முன்னாடி அரைச்சு சூடா பொட்டலம் கட்டி குடுக்கும்போது பஸ்ஸு முழுக்க மணக்கும், அதே பொடி டப்பாவுல ஒரு மாசம் கெடந்தா டிகாஷன் எறங்கும், நெறம் இருக்கும், கசப்பு இருக்கும், மணம் மட்டும் இருக்காது. ஹாப்ஸ் எண்ணெய்யும் அதே மாதிரி சீக்கிரம் ஓடிப்போற சரக்கு. பாட்டில் அடைக்கும்போது உள்ள மாட்டுன துளி ஆக்சிஜன், அப்புறம் மூடி வழியா கொஞ்சம் கொஞ்சமா உள்ள வர்றது, இது ரெண்டும் சேந்து மொதல்ல வாசனைய காலி பண்ணும், அப்புறம் அந்த அட்டப்பெட்டி ருசிய கொண்டு வரும். சூடு இருந்தா இதெல்லாம் நாலு கால் பாய்ச்சல்ல நடக்கும். ப்ரூவரிக்காரங்க 3-30-300ன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, 32 டிகிரி செல்சியஸ் வெயில்ல 3 நாள் இருந்தா பீருக்கு எவ்ளோ வயசாகுமோ, ரூம்ல 22 டிகிரில 30 நாளும், ஃப்ரிட்ஜ்ல 3 டிகிரில 300 நாளும் இருந்தா அவ்ளோ தான் ஆகும்னு. தோராயமான கணக்கு தான், ஆனா இத மனசுல வெச்சுக்கிட்டா போதும், கார் டிக்கியில பீர விட்டுட்டு மால் சுத்த போக மாட்டீங்க. அந்த கடைக்காரர் சொன்ன அரை மணி நேர ஃப்ரீசர் பீர குளுமையாக்கும், போன வாசனைய திருப்பி கொண்டு வராது.

வெளிச்சம் இன்னொரு எதிரி. ஹாப்ஸ் கசப்பு மேல வெளிச்சம் பட்டா கந்தக வாடை அடிக்கற ஒரு பொருள் உண்டாகும், இங்க ஸ்கங்க்னு சொல்லுவாங்க, அந்த பிராணி விடுற நாத்தம் அப்படியே. பச்சை பாட்டில், வெள்ளை பாட்டில் பீருக்கு இது சீக்கிரம் வரும், பழுப்பு பாட்டில் நல்லா தடுக்கும், கேன்ல இந்த பேச்சுக்கே இடம் இல்ல. பிளினி பழுப்பு பாட்டில் தான், அதனால என் பழைய பாட்டில்ல அந்த நாத்தம் இல்ல, கெடுத்தது சூடும் நாளும்.

எல்லா பீரும் இப்படின்னு நெனச்சுக்காதீங்க, இத சொல்லியே ஆகணும். இம்பீரியல் ஸ்டௌட், பார்லி வைன் மாதிரி கனமான ஐட்டமெல்லாம் வருஷக்கணக்கா வெச்சு குடிக்கறவங்க இருக்காங்க, அது தப்பில்ல. ஐபிஏ, அதவிட கொஞ்சம் லேசான பேல் ஏல், இந்த ஹாப்ஸ் ரகம் அப்படி இல்ல. இது காலையில மரத்துல இருந்து எறக்குன கள்ளு மாதிரி, அவ்ளோ அவசரம் இல்லன்னாலும் குணம் அதுதான்.

தேதி பாக்குறதுல ஒரு குழப்பம் உண்டு. சிலர் அடைச்ச தேதி போடுவாங்க, சிலர் இதுக்குள்ள குடிங்கன்னு கடைசி தேதி போடுவாங்க, ரெண்டாவது ரகத்துல அவங்க எத்தன மாசம் கணக்கு வெச்சாங்கன்னு உங்களுக்கு தெரியாது, ஆறு மாசம் வெச்சிருந்தா அஞ்சாவது மாசத்து பீரும் தேதிப்படி நல்ல பீர் தான், வாயில வெச்சா தெரியும் லட்சணம். வேற சிலர் வருஷத்துல எத்தனாவது நாள்னு மூணு இலக்கம் போடுவாங்க, 245ன்னு இருந்தா செப்டம்பர் 2. இந்த விஷயத்துல சான் டியாகோ பக்கத்து ஸ்டோன் ப்ரூவரிய பாராட்டணும், 2012ல என்ஜாய் பைன்னு ஒரு ஐபிஏ கொண்டு வந்தாங்க, குடிக்க வேண்டிய கடைசி தேதி தான் அந்த பீரோட பேரே, லேபிள்ல கொட்ட எழுத்துல, அடைச்சதுல இருந்து 37 நாள் கெடு. அப்படி இருந்தா எந்த கடைக்காரரும் மறைக்க முடியாது, மறக்கவும் முடியாது.

நான் இப்ப வெச்சிருக்கற கணக்கு இதுதான், ஹாப்ஸ் பீர்னா ஃப்ரிட்ஜ்ல இருந்தா ரெண்டு மாசம் வரைக்கும் வாங்குவேன், வெளிய இருந்தா மூணு வாரத்துக்கு மேல தொட மாட்டேன். ஆவின் பாக்கெட்ட திருப்பி தேதி பாத்து வாங்கி வளந்தவங்க நாம, பாட்டில திருப்பி பாக்க கூச்சப்பட ஒண்ணுமே இல்ல. அதே ஊர்ல இன்னொரு சின்ன கடை இருக்கு, அங்க ஐபிஏ எல்லாமே கண்ணாடி கதவு ஃப்ரிட்ஜுக்குள்ள தான், போன மாசம் போனப்ப நான் ஒரு கேன எடுத்தேன், அங்க வேலை பாக்குற பொண்ணு "அது வேணாம், புது கேஸ் நேத்து வந்திருக்கு, பின்னாடி இருந்து எடுத்துட்டு வரேன்"னு சொல்லி உள்ள போய் அட்டைய பிரிச்சு எடுத்துட்டு வந்து குடுத்துச்சு. ரெண்டு டாலர் அதிகம்னாலும் இனிமே நான் அங்கதான்.

பிளினிக்காக விண்ட்சர் வரைக்கும் போகணுமான்னு கேட்டா, சான் பிரான்சிஸ்கோவுல இருந்தே நூறு கிலோமீட்டர், எங்களுக்கு இன்னும் கூட, வருஷத்துக்கு ஒரு தடவ கண்டிப்பா போகலாம். அங்க டேப்ல ஊத்துன பிளினிய குடிச்சவங்க வாழ்க்கையில அந்த வாசனைய மறக்க மாட்டாங்க. மத்த நாளுக்கு பக்கத்துல என்ன புதுசா கெடைக்குதோ அதுதான் பெஸ்ட்டு. எங்க பக்கத்து ப்ரூவரின்னா பெர்க்லில ஃபீல்ட்வொர்க் இருக்கு, சான் லியாண்ட்ரோல 1989ல இருந்து ட்ரேக்ஸ் இருக்கு. நான் அடிச்சு சொல்றேன், நாலு மாசத்து பிளினியையும் போன வாரம் அடைச்ச உள்ளூர் ஐபிஏவையும் வெச்சா நான் ரெண்டாவத தான் எடுப்பேன், மொதல்ல இருந்தது எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் சரி.

இது எதுவுமே கெடைக்கலன்னா சியரா நெவாடா பேல் ஏல். சீக்கோல 1980ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் 5.6 சதவீதம், இன்னிக்கும் காஸ்கேட் ஹாப்ஸ் வாசனை. எந்த சூப்பர் மார்க்கெட்லயும் கெடைக்கும், முக்கியமா நல்லா விக்கும், விக்கற சரக்கு அலமாரியில தூங்காது. அவங்க மூடி விஷயத்துல கூட அக்கறை எடுத்துக்கிட்டவங்க, கையால திருகி திறக்குற மூடிய விட்டுட்டு ஓப்பனர் போட்டு திறக்குற மூடிக்கு மாறினது ஆக்சிஜன் உள்ள போகக்கூடாதுங்கறதுக்காகத் தான். குளிர் காலத்துல வர்ற அவங்களோட செலிப்ரேஷன்ங்கற ஐபிஏவையும் வந்த வாரமே வாங்கிடுங்க, அந்த வருஷம் அறுத்த ஹாப்ஸ் போட்டு செய்யறது, ஜனவரிக்கு மேல அது வேற பீர்.

ஊருக்கு போகும்போதெல்லாம் சென்னை ஃப்ரெண்ட்ஸ் "ஒரு பிளினி எடுத்துட்டு வாடா"ன்னு கேப்பானுங்க. பாசமா கேக்குறானுங்க, ஆனா நான் எடுத்துட்டு போறது இல்ல. ரெண்டு ஏர்போர்ட், பெட்டிக்குள்ள ஒன்றரை நாள், அப்புறம் மே மாச மீனம்பாக்கம் வெயிலு, அவனுங்க வாய்க்கு போய் சேருறது என் ரெண்டாவது பாட்டிலோட தம்பியா தான் இருக்கும். டாஸ்மாக்ல இந்த ரகத்த தேடி அலையறத விட, ஒரு வார கடைசி ரயில் ஏறி பெங்களூரு இந்திராநகர்ல டாய்ட்ங்கற பப்புக்கு போங்கடான்னு தான் சொல்லுவேன், 2010ல இருந்து அங்கயே காய்ச்சி அங்கயே ஊத்துறாங்க, டேங்க்குக்கும் உங்க க்ளாஸுக்கும் நடுவுல லாரி கெடையாது, குடோன் கெடையாது, கண்ணாடி பக்கத்து அலமாரி கெடையாது.

பிளினிக்கு என் மார்க்கு, புதுசா இருந்தா பத்துக்கு ஒன்பதரை. அந்த அரை மார்க்க ஏன் புடிச்சேன்னா பாதி க்ளாஸ்லயே 8 சதவீதம் வேலைய காட்ட ஆரம்பிச்சுடும், ரெண்டாவது கேக்க முடியாது. பழசுக்கு மார்க்கு போட மாட்டேன், அது அந்த ப்ரூவரி செஞ்ச பீரே கெடையாது. விண்ட்சர்ல வாங்குனதுல இன்னும் ரெண்டு பாட்டில் ஃப்ரிட்ஜ்ல கீழ் தட்டுல, கறிவேப்பிலை டப்பாவுக்கு பின்னாடி இருக்கு, இன்னிக்கு 19வது நாள். மதுரைக்காரன் வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லி இருக்கான்.