சேலத்தில் வாங்கிய அறிவியல் சோதனைப் பெட்டி: ஒரு மதிப்பீடு

சேலம் முதல் அக்ரஹாரத்தில் ஒரு கடையில், ஆறாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்காக வாங்கிய இந்தப் பெட்டியில் சமையல் சோடா, வினிகர், மஞ்சள்தூள், அயோடின் கரைசல், சோதனைக் குழாய்கள், பலூன்கள் ஆகியவை உள்ளன. முதல் மூன்றும் வீட்டிலேயே இருப்பவை என்பதால், கொடுத்த விலைக்கு நாம் பெறுவது உண்மையில் அயோடினும் குழாய்களும்தான்.

மாவுச்சத்தைக் காட்டிக்கொடுக்கும் அயோடின் ஏமாற்றவில்லை. ஜவ்வரிசியை வேகவைத்து ஆறவிட்ட கஞ்சியில் ஒரு சொட்டு விட்டவுடன் கருநீலம் படர்கிறது. அதைச் சூடாக்கினால் நிறம் மங்கி, ஆறியபின் மீண்டும் தோன்றுகிறது. மரவள்ளியும் அதிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலைகளும் நிறைந்த மாவட்டத்தில் விற்கும் பெட்டியின் கையேடு, இந்தச் சோதனைக்கு உருளைக்கிழங்கோடு நின்றுவிடுவது வியப்பளிக்கிறது.

மஞ்சள் தடவிய தாள் சோப்பு நீரில் சிவப்பதும் வினிகரில் பழைய நிறத்துக்குத் திரும்புவதும் எதிர்பார்த்தபடியே நிகழ்ந்தன.

வினிகர் பட்டால் கார்பனேட் கற்கள் நுரைக்கும் என்று கையேடு பொதுவாகச் சொல்வது சுண்ணாம்புக்கல்லுக்குப் பொருந்தும். நம் ஊர் வெள்ளைக்கல்லான மாக்னசைட்டும் மெக்னீசியம் கார்பனேட்தான் என்றாலும், குளிர்ந்த வினிகரில் அது ஏறக்குறைய நுரைப்பதேயில்லை. இந்த வேறுபாட்டை விளக்கியிருந்தால் பெட்டியின் சிறந்த பாடமே அதுவாக இருந்திருக்கும்.

சோடாவும் வினிகரும் கலந்த புட்டியை இறுக மூடக்கூடாது என்பதும், கழிவறைக்கு வாங்கிய பிளீச்சிங் பவுடருடன் வினிகர் சேர்ந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும் என்பதும் கையேட்டில் எங்கும் இல்லை. பெரியவர் ஒருவர் உடனிருக்க முடியாத வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.